வக்காலத்தில் கையெழுத்திடும் முன்

பெயரைக் கூவி அழைப்பதற்குள் முடிவு செய்துவிட வேண்டும், மூவரில் ஒருவர், அவ்வளவுதான், இதற்கு ஏன் இத்தனை கலக்கம். பொன்மலை ரயில்வே பணிமனையில் ஆயுளின் பெரும்பகுதியைப் பிட்டராகக் கழித்து, சுழலும் சக்கரத்தின் ஓசையிலிருந்தே கோளாறு எங்கே என்று சொன்னவன், எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு நின்று, தொழிற்சங்கப் படிப்பகத்தின் நாற்காலியில் அமர்ந்தே உலக வரலாற்றைக் கற்றவன், மூன்று கருப்பு அங்கிகளுக்கிடையே ஒன்றைத் தெரிந்தெடுக்க மாட்டாமல் இந்தக் குடும்ப நீதிமன்றத்தின் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். எதிர்ப் பெஞ்சில் என் மனைவி. அவளுக்கு ஒருபுறம் அவள் தங்கை பட்டம்மாள். மறுபுறம் அவளுடைய வழக்கறிஞர், கல்லூரியை விட்டு நேற்றுத்தான் வெளிவந்தவள் போன்ற ஒரு பெண். மணவிலக்குக் கோரி மனுச் செய்திருப்பவள் என் மனைவி. எதிர்மனுதாரர் அறவாழி ஆகிய நான். இந்த வயதில். அவள் மூக்கின்மேல் இருக்கும் கண்ணாடி புதிது. பழைய கண்ணாடியின் சட்டம் பழுப்பு நிறம், இடப்பக்கத்துக் காம்பில் நான் மெல்லிய செம்புக் கம்பி சுற்றிக் கொடுத்திருந்தேன், உறுதியாகவே இருந்தது; இதுவோ கருநீலம். எப்பொழுது மாற்றினாள், எந்தக் கண் மருத்துவரிடம் போனாள், எழுத்துப் பலகையின் கடைசி வரியைப் படிக்கச் சொன்னபோது பக்கத்தில் யார் நின்றார்கள்? நான் அறியாத ஒரு கண்ணாடியின் வழியாக அவள் என்னைப் பார்க்கிறாளா, எனக்குப் பின்னால் இருக்கும் சுவரைப் பார்க்கிறாளா என்பதுகூட இங்கிருந்து தெரியவில்லை. நெற்றியில் குங்குமம். அதைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை. நெற்றி அவளுடையது. இதை நான் எப்பொழுதும் சொல்லியே வந்திருக்கிறேன். மூவரில் ஒருவரான தியாகேசனுடைய ஜூனியர் வக்காலத்துத் தாளோடு வருவதாகச் சொல்லியிருக்கிறான். அதில் கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு நான் பேச வேண்டியதில்லை, எனக்காக அவர்கள் பேசுவார்கள். அவன் வருவதற்குள், அல்லது பெயர் கூவப்படுவதற்குள், எது முந்துகிறதோ அதற்குள்.

பக்கத்தில் இருக்கும் இளைஞன் தொடையை ஆட்டிக்கொண்டே இருக்கிறான்; அவன் தொடை ஆடினால் பெஞ்சு ஆடுகிறது, பெஞ்சு ஆடினால் என் சிந்தனை ஆடுகிறது. சட்டைப் பையின்மேல் ஏதோ கைப்பேசிக் கடையின் பெயர் அச்சிட்டிருக்கிறது. "தாத்தா, பொண்ணு கேஸா, பையன் கேஸா?" என்றான் சற்று முன்பு. "என் வழக்கு" என்றேன். "உங்க வழக்குன்னா, உங்க வீட்டு வழக்கா?" "என்னுடைய மணவிலக்கு வழக்கு." தொடை நின்றுவிட்டது. "இந்த வயசுலயா? சும்மா இருங்க தாத்தா, காலங்காத்தால காமெடி பண்ணாதீங்க." பிறகு என் பார்வை போன திசையில் அவனும் பார்த்தான். "அந்தப் பாட்டியா? பார்த்தா சண்டை போடுறவங்க மாதிரி இல்லையே." சண்டை போடுகிறவள் அல்லள் என்றேன். "அதுதான் டேஞ்சர். என் ஆளும் சண்டையே போட மாட்டா. ஒருநாள் பார்த்தா பீரோல பாதி காலி." சிரித்தான், சிரித்துவிட்டு, தாழ்வாரத்தின் கோடியில் குழந்தைகளுக்கென்று விட்டிருக்கும் அறையை, அதன் வாயிலில் கிடந்த பிளாஸ்டிக் யானையை, நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு எந்த வழக்கறிஞர் என்று கேட்டான். இன்னும் இல்லை என்றேன். "நல்லா பேசுற வக்கீல மட்டும் வச்சிராதீங்க தாத்தா. மொத வக்கீல் பேசினாரு பாருங்க, ஜட்ஜம்மாவே கைதட்டாத குறை. ஒண்ணும் நடக்கல. இப்ப வச்சிருக்கவரு வாயே திறக்க மாட்டாரு. வாய்தா மட்டும் வாங்குவாரு. இழுக்குற வக்கீல்தான் நமக்கு வேணும்." நமக்கு என்கிறான். அவனுக்கும் எனக்கும் பொதுவாக ஒன்று இருப்பதை அவன் எவ்வளவு எளிதாகக் கண்டுபிடித்துவிட்டான். இழுக்கிற வழக்கறிஞர். இந்தச் சொல் எனக்குள் விழுந்து எங்கோ ஒட்டிக்கொண்டது. நான் அதைத் தட்டிவிட்டேன், அது விழவில்லை.

முதலில் பாலக்கரை சவரிமுத்து. அவரை நான் தள்ளியாயிற்று. மேசையின்மேல் பல கைப்பேசிகள், ஒன்றில் பேசிக்கொண்டே மற்றொன்றில் விரல், எனக்கு நடுவே நடுவே ஒரு சொல். "சேர்ந்து வாழணும்னு நாமளும் ஒரு மனு போடுவோம், அந்தத் தங்கச்சி புருசன் மேல ஸ்டேசன்ல ஒரு கம்ப்ளெயிண்ட், அசிங்கம் தாங்காம அம்மா தானா வந்துருவாங்க, பெருசு, கவலைய விடுங்க." அசிங்கம் தாங்காமல் திரும்பி வருகிறவள் கதவைத் திறந்து உள்ளே வந்தபின் அவளுக்கு நான் என்ன சொல்லி வரவேற்பது? எழுந்து வந்துவிட்டேன். அவரைப் பற்றி நினைப்பதற்கு இதற்குமேல் ஒன்றுமில்லை. தியாகேசன் அப்படியல்லர். கன்டோன்மென்ட்டில் மாடியில் அலுவலகம், சுவர் முழுவதும் கெட்டி அட்டை போட்ட தீர்ப்புத் தொகுதிகள், மெல்லிய குரல். நான் பேசும்போது குறுக்கிடவே இல்லை, அதனாலேயே மதிப்பு ஏற்பட்டது. முழுவதையும் கேட்டுவிட்டு, "கல்யாணம் எங்க பதிவு பண்ணினீங்க?" என்றார். பதிவு செய்யவில்லை. "போட்டோ?" எடுக்கவில்லை. "பத்திரிகை ஏதாவது கைல இருக்கா?" சுவரொட்டிதான் ஒட்டினோம். "தாலி?" என் வாழ்க்கையில் பெருமையாகச் சொல்லிக்கொள்ளக்கூடிய விடை ஒன்று உண்டென்றால் அது இதற்கான விடைதான், கட்டவில்லை என்றேன், நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு. அவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஐயா, அப்ப நீங்க ஒண்ணுமே செய்ய வேணாம். நடந்ததுன்னு அவங்கதானே நிரூபிக்கணும். கல்யாணத்தையே நாம ஒத்துக்கப் போறதில்லை." விளங்கவில்லை எனக்கு. மீண்டும் சொன்னார், ஒரு நல்ல ஆசிரியரைப் போலப் பொறுமையாக: சுயமரியாதைத் திருமணம் செல்லும் என்பது சட்டம், ஆனால் உறவினர் நண்பர் முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்டாலோ, இவரை ஏற்கிறேன் என்று ஒருவருக்கொருவர் சொன்னாலோதான் செல்லும், சொன்னதைக் கேட்டவர் யார், மாலை மாற்றியதைக் கண்டவர் யார், அழைத்து வரட்டும். ரேஷன் அட்டை இருக்கிறதே, பென்ஷன் தாளில் மனைவி என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேனே என்றேன். "அதுல என்ன பேரு இருக்கு?" முல்லைக்கொடி. "மனுவுல?" ரெங்கநாயகி. அவர் புன்னகை செய்தார். "ரெண்டும் ஒரே ஆளுன்னு அதையும் அவங்களே நிரூபிக்கட்டும். கடைசியில கோர்ட்டு அவங்க பக்கம் சாயலாம், சாயாமலும் போகலாம். ஆனா வருசக்கணக்காகும். இல்லாத கல்யாணத்தை எப்படி ரத்து பண்ணுவாங்க, சொல்லுங்க?" முல்லைக்கொடி என்பது நான் வைத்த பெயர். திருவரங்கத்தில் பிறந்த பெண்ணுக்கு ஒரு தெய்வத்தின் பெயர் எதற்கென்று மேடையிலேயே அறிவித்தோம், கூட்டம் கைதட்டியது, அவள் குனிந்திருந்தாள். மனுவின் முதல் வரியில் ரெங்கநாயகி என்று படித்தபோது, யாரோ முன்பின் அறியாத ஒரு பெண் என்னிடமிருந்து விடுதலை கேட்பதாகவே ஒரு கணம் தோன்றியது.

மனுவில் மற்றொரு வரி. அதை எத்தனை முறை படித்தேன் என்று சொல்லிக்கொள்ள விருப்பமில்லை. "எதிர்மனுதாரர் என்னை எதற்கும் தடுத்ததில்லை, எல்லாவற்றையும் எனக்கு விளக்கினார்." கொடுமை என்ற தலைப்பின்கீழ் இந்த வாக்கியம். அடித்தார் இல்லை, குடித்தார் இல்லை, வேறொருத்தி இல்லை, விளக்கினார். அந்த இளம் வழக்கறிஞர் எழுதிய வாக்கியமாக இருக்க முடியாது, சட்டக் கல்லூரியில் இப்படி எழுதக் கற்றுக்கொடுக்க மாட்டார்கள், இது அவளுடையது. காற்புள்ளி விழுந்திருக்கும் இடத்தைப் பாருங்கள். இத்தனை ஆண்டுகள் காலையில் நான் தலையங்கத்தை உரக்கப் படிக்க, அரிவாள்மணையில் காய் நறுக்கிக்கொண்டே கேட்டவள். வாக்கியம் அமைக்கத் தெரியாமலா போகும்? நல்ல வாக்கியந்தான். எவர் எழுதினாலும் நல்ல வாக்கியத்தை நல்ல வாக்கியம் என்று ஒப்புக்கொள்வதே படித்தவனுக்கு அழகு. வைகுண்ட ஏகாதசிக்குத் தங்கை வீட்டுக்குப் போய் வருகிறேன் என்றாள் ஓராண்டில். போ என்றேன், போகும் முன் அந்த விழா எப்படித் தோன்றியது என்று சொன்னேன். பேரனுக்கு முடியிறக்க வேண்டும் என்று மகன் பெங்களூரிலிருந்து பேசினான். இறக்கட்டும் என்றேன், மயிரின் வேதியியலைச் சொன்னேன். அவள் ம் என்பாள். சென்ற ஆனியில் ஒருநாள் பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு, "நான் பட்டு வீட்டுக்குப் போறேங்க. இனிமே அங்கயே இருந்துக்கறேன்" என்றாள். ஏன் என்றேன். "ஏன்னு சொன்னா நீங்க பதில் சொல்லுவீங்க." சரி, போய் இரு, யார் வேண்டாமென்றது, அதற்கு நீதிமன்றம் எதற்கு என்று தொலைபேசியில் கேட்டேன், பிறகு. அவள் திருப்பிக் கேட்டாள். "மேடையில என்ன சொன்னீங்க? இது கட்டு இல்லை, ஒப்பந்தம். ரெண்டு பேர்ல யாருக்கு ஒத்து வரலைன்னாலும் நேரடியாச் சொல்லி முடிச்சுக்கலாம்னு சொன்னீங்க. எல்லாரும் கைதட்டினாங்க. எனக்கு அன்னிக்குப் பயமா இருந்துச்சு. இப்ப இல்லை." இணைப்பு அறுந்தது. அறுத்தாள். உண்மைதான், அப்படித்தான் சொன்னேன். அந்த ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்தவர் நாங்கள் இருவரில் அவள் ஒருத்திதான் போலும்.

ஜூனியரைக் காணவில்லை. வராமற்போனால் நல்லதா கெட்டதா. புத்தூர் நிலோபர் அம்மையாரிடம் போயிருக்கலாம், இப்போதும் தொலைபேசியில் அழைத்தால் வருவார், சமரசம் பேசி இருவர் சம்மதத்தோடு முடித்து வைப்பவர் என்று ஊரெல்லாம் பேச்சு. தேநீர் கொடுத்தார். "உங்களுக்கு என்ன வேணும் ஐயா?" என்றார். நியாயம் வேண்டும் என்றேன். "அது சரி. சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுல தனியா உக்காந்திருக்கும்போது என்ன வேணும்?" அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை, வழக்கறிஞர் கேட்க வேண்டிய கேள்வி அன்று, தேநீரை முழுதும் குடிக்காமலே புறப்பட்டேன். ஆறு மணிக்கு ஒன்றும் இல்லை. ஆறு மணி சமாளிக்கக்கூடியதே, பணிமனைச் சங்கு ஊதும் ஓசை, விளையாடிவிட்டுத் திரும்பும் பிள்ளைகளின் சத்தம். காலைதான். நாளேட்டை விரித்து உரக்கப் படிக்கத் தொடங்குகிறேன், பழக்கம், பத்தி முடியும் இடத்தில் குரல் தானாக நிற்கிறது, அவளுடைய ம் விழ வேண்டிய இடம், விழாது, அடுத்த பத்திக்குப் போக முடிவதில்லை. கையில் தாள் இருக்கிறது, கண் இருக்கிறது, அறிவு இருக்கிறது, போக முடிவதில்லை. மகனிடம் சொன்னால், "நான் எந்தப் பக்கமும் பேச மாட்டேம்ப்பா" என்கிறான், நான் என்ன பக்கமா கேட்டேன். வெளியே சொல்ல இயலாத ஒன்று இருக்கிறது, அதைத்தான் பெஞ்சு ஆடும்போதெல்லாம் தட்டிவிட்டுக்கொண்டிருக்கிறேன், இழுக்கிற வழக்கறிஞர். தியாகேசனிடம் கையெழுத்துப் போட்டால் ஆண்டுகள் ஆகும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவள் வந்தாக வேண்டும். திருவரங்கத்திலிருந்து பேருந்தேறி, பட்டம்மாளைக் கூட்டிக்கொண்டு, இந்தத் தாழ்வாரத்தில், எதிர்ப் பெஞ்சில். மாதந்தோறும் ஒரு முற்பகல். கண்ணாடி மாற்றினால் தெரியும், இருமினால் கேட்கும், இளைத்தாளா பெருத்தாளா என்று பார்க்கலாம். வீட்டையும் பென்ஷனையும் எண்ணித்தான் அந்த வழக்கறிஞரை நாடினேன் என்று இவர்கள் நினைப்பார்கள், நினைக்கட்டும். பென்ஷன் யாருக்கு வேண்டும். இல்லாத கல்யாணம் என்று ஒரு சொல், அந்தச் சொல்லுக்கு விலையாக இத்தனை முற்பகல்கள். ஆனால் அதை நான் சொல்ல வேண்டுமே. என் வாயால் அல்ல, தியாகேசன் வாயால்; ஆயினும் கீழே கையெழுத்து என்னுடையது. மாலை மாற்றவில்லை. மேடை இல்லை. ரெங்கநாயகி என்ற பெண்ணை நான் அறியேன், அவள் என் வீட்டில் இருந்தது உண்மை, எந்த முறையில் இருந்தாள் என்பதை அவளே மெய்ப்பிக்கட்டும். எந்த முறையில். அப்படியானால் அவள் யார்? அந்தச் சொல்லைத் தியாகேசன் சொல்லவில்லை, பண்பாளர், அது தானாக வந்து அவள்மேல் விழும்படி விட்டுவிடுவார். தாலி இல்லாத காரணத்தால் அந்தக் காலத்தில் அடுத்த தெருக்காரி ஒருத்தி குழாயடியில் அவளை அந்தச் சொல்லால் அழைத்தாள். குடத்தோடு திரும்பி வந்து என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. வேறொருவர் சொல்லித்தான் அறிந்தேன். போய் அந்தத் தெரு முழுவதற்கும் விளக்கிவிட்டு வந்தேன். அவள் அன்று குழம்பு வைத்தாள். என்ன குழம்பு என்று நினைவில்லை. இப்பொழுது அந்தக் குழாயடிக்காரியின் சொல்லுக்கு நான் வக்காலத்து.

"சார், அறவாழி சார்தானே? சீனியர் அனுப்பினாரு." வந்துவிட்டான். மூச்சு வாங்குகிறது, கழுத்துப்பட்டை ஒருபுறம் சாய்ந்திருக்கிறது, கோப்பைத் தொடையில் வைத்து விரித்து, "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, பின்னாடி ஒண்ணு, சீக்கிரம் சார், அடுத்து நம்மளதுதான்" என்கிறான். பேனாவையும் திறந்து அவனே கொடுக்கிறான். இளைஞன் என் தோளைத் தட்டி, "இழுக்குற வக்கீலா தாத்தா?" என்று மெதுவாகக் கேட்கிறான். ஆம் என்று தலையசைக்கிறேன். எதிர்ப் பெஞ்சில் பட்டம்மாள் அவள் காதில் ஏதோ சொல்லுகிறாள். அவள் என்னைப் பார்க்கவில்லை, தாளைப் பார்க்கிறாள். அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று அந்த இளம் வழக்கறிஞர் அவளுக்குச் சொல்லியிருப்பாள், எதிர்த் தரப்பார் இப்படிச் சொல்லக்கூடும் அம்மா, தயாராக இருங்கள் என்று. அவள் தயாராக இருக்கிறாள். முழங்கால்களைச் சேர்த்து, கைப்பையை மடியில் வைத்து, குழாயடியில் தன் முறைக்குக் காத்திருப்பவள்போல. பேனா முனை தாளைத் தொட்டு ஒரு நீலப் புள்ளி வைக்கிறது. "ரெங்கநாயகி! அறவாழி!" கூவுகிறார்கள், இரண்டு பெயர்களையும் ஒரே மூச்சில், நடுவில் ஒன்றுமில்லாமல். எழுந்துவிட்டேன். "சார், கையெழுத்து, சார்!" பேனாவை மூடி அவனிடமே கொடுக்கிறேன். மூடித்தான் கொடுத்தேன், திறந்தபடி கொடுத்தால் சட்டையில் கறை படும்.

உள்ளே மின்விசிறியின் காற்று நேராக என் தலைமேல். நீதிபதி அம்மையார் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறார். "எதிர்மனுதாரர் ஐயாவுக்கு வக்கீல் யாரு?" இல்லை அம்மா என்கிறேன். பின்னால் ஜூனியர் ஏதோ சொல்ல வாயெடுக்கிறான், நான் கையை உயர்த்துகிறேன், பொதுக்கூட்டத்தில் உயர்த்துவதுபோல் உயர்ந்துவிடுகிறது. "சட்ட உதவி மையத்துலேர்ந்து ஒருத்தரை ஏற்பாடு பண்ணட்டுமா?" "பிறகு பார்த்துக்கொள்ளலாம் அம்மா. முதற் கேள்விக்கு நானே விடை சொல்லிவிடுகிறேன்." "என்ன கேள்வி? நான் இன்னும் ஒண்ணும் கேக்கலையே." யாரோ சிரிக்கிறார்கள். "திருமணம் நடந்ததா என்பது. நடந்தது. பொன்மலையில், எங்கள் சங்கக் கட்டடத்துக்குள், மாலை மாற்றிக்கொண்டு, இவரை வாழ்க்கைத் துணையாக ஏற்கிறேன் என்று நான் சொன்னேன், அவரும் சொன்னார். முல்லைக்கொடி என்று பதிவுகளில் இருப்பதும் இவரே. பெயரை மாற்றியவன் நான்." "உள்ள இல்லைங்கம்மா" என்கிறது அவள் குரல். வலப்பக்கத்திலிருந்து, மிக அருகில். "வாசல்ல. கூட்டம் தாங்கலைன்னு வாசல்ல கீத்துப் பந்தல் போட்டிருந்தாங்க. பேச்சு முடிய மத்தியானமாயிருச்சு, பசியில எனக்குத் தலை சுத்திருச்சு." "அம்மா, உங்க முறை வரும், அப்ப சொல்லுங்க" என்கிறார் நீதிபதி, ஆனால் கடுமையாக அல்ல. வாசலில்தான். பந்தல்தான். எனக்கு எப்படி மறந்தது. "ஐயா, யோசிச்சுச் சொல்லுங்க. இதைப் பதிவு பண்ணிட்டா அப்புறம் மாத்திச் சொல்ல முடியாது. அவங்க கேஸ் இதுலேர்ந்துதான் ஆரம்பிக்குது, சுருக்கமா முடிஞ்சும் போயிரும். புரியுதா?" புரிகிறது. இதை யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. "கல்யாணத்தை நேர்ல பார்த்தவங்க யாராவது இப்ப உயிரோட இருக்காங்களா?" தலைமை தாங்கியவர், வாழ்த்துரைத்தவர், பந்தலில் சுவரொட்டி ஒட்டிய தோழர், கைதட்டிய வரிசைகள், ஒவ்வொரு முகமாக எண்ணிப் பார்க்கிறேன், ஒவ்வொரு நாற்காலியும் காலியாகிக்கொண்டே வந்து, மேடை மட்டும் நிற்கிறது. "இருவர் இருக்கிறோம் அம்மா" என்கிறேன். "ஒருவர் மனுதாரர். மற்றவர் நான்." கணினியின்முன் இருக்கும் பெண் விரல்களை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்க்கிறாள். "கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க ஐயா, டைப் பண்ணணும்." மெதுவாகச் சொல்கிறேன்.